ஆயுத பூஜை முடிஞ்சாச்சு... இனி மெஷினைத் தூங்க வைக்கணும்!

ஆயுத பூஜை வந்துவிட்டால் மண்ணூர் பக்கம் தொழிற்சாலைகளில் கிரேனிலிருந்து கத்தரிக்கோல் வரை எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம்தான். தொழிற்சாலை ஒன்றின் பின்பக்கம் இருக்கும் கிரிக்கெட் மைதானத்து ஷெட்டிலும் அன்று பூசணிக்காய் உடைந்தது. புல்வெட்டும் மெஷினின் கைப்பிடியில் மாலை. ரோலருக்கு எலுமிச்சம்பழம். ஊழியர்கள் பொரி, கடலையை வாங்கிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஐம்பத்திரண்டு வயது மனிதர் மட்டும் கிளம்பவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் இரண்டு, மூன்று வாரத்தில் வடகிழக்குப் பருவமழை. அதற்குள் அவருக்கு வேறொரு பூஜை பாக்கி இருந்தது.

ஒரு காலத்தில் அவருடைய குடும்பத்துக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. தொழிற்சாலைகள் வந்தபோது நிலம் கைமாறியது. அப்பாவோடு வரப்பில் உட்கார்ந்து அவர் அதிகம் பிடுங்கிய களை, அருகம்புல். எத்தனை பிடுங்கினாலும் மறுபடி முளைக்கும். இன்று அவர் மாதச் சம்பளத்துக்கு வளர்ப்பதும் அதையேதான். மைதானங்களில் ‘பெர்முடா’ என்று பெயர் சொல்லி விரிக்கும் புல், அருகம்புல் குடும்பத்தைச் சேர்ந்தது. “அப்போ புடுங்கினதுக்கு இப்போ வட்டியோட நட்டுக்கிட்டு இருக்கேன்” என்று சிரிப்பார்.

### அந்த ஜனவரி காலை

போன வருடம் அவர் ஒரு தவறு செய்தார். அது தவறு என்றுகூட அப்போது தெரியாது. அக்டோபர் கடைசியில் பெரிய மழை தொடங்கியதும், மெஷினை ஷெட்டுக்குள் தள்ளி, நீல நிறத் தார்ப்பாயால் இறுக்கமாக மூடிக் கட்டினார். டேங்க்கில் பாதிக்கு மேல் பெட்ரோல். ‘மழை விட்டதும் எடுத்து ஓட்ட வசதியாக இருக்கும்’ என்பது கணக்கு.

பொங்கலையொட்டி டிபார்ட்மென்ட்டுகளுக்கு இடையே போட்டி. அதற்கு முந்தைய வாரம் தார்ப்பாயைப் பிரித்தபோது உள்ளே வியர்த்திருந்தது. பிளேடில் செம்மண் நிறத்தில் துரு. கயிற்றை இழுத்தார். இழுத்தார். தோள் வலிக்கும்வரை இழுத்தார். எஞ்சின் ஒரு முறைகூட இருமவில்லை.

முழங்கால் அளவு புல்லை பிரஷ் கட்டரால் இரண்டு நாள் குனிந்து வெட்டினார்கள். மேடு பள்ளமாக இருந்த மைதானத்தில்தான் போட்டி நடந்தது. வெளியிலிருந்து வந்த சர்வீஸ் ஆள் கொடுத்த பில், கிட்டத்தட்ட அவருடைய ஒரு மாதச் சம்பளம். யாரும் அவரைத் திட்டவில்லை. சூப்பர்வைசர் மட்டும் போகிற போக்கில் சொன்னார்: “அடுத்த தடவையும் இப்படின்னா, மெயின்டனன்ஸை வெளியே குடுத்துடலாம்ணே.”

கான்ட்ராக்ட் வேலையில் இருப்பவருக்கு அந்த ஒரு வரி போதும். பல நாள் அவருக்குத் தூக்கம் வரவில்லை. கல்லூரியில் படிக்கும் மகளின் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கண் முன்னால் வந்து நின்றது.

### பெட்ரோல் செய்த வேலை

சுங்குவார்சத்திரம் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒரு பழைய டூ-வீலர் மெக்கானிக் இருக்கிறார். அவரிடம் போய் உட்கார்ந்து, என்னதான் நடந்தது என்று கேட்டார்.

“வண்டி ஓடிக் கெடுறதைவிட நின்னு கெடுறதுதான் அதிகம்” என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்க்கில் நின்றால் பழசாகிவிடும். காய்ந்து பிசின் மாதிரி படிந்து, கார்பரேட்டரில் தலைமுடி அளவு இருக்கும் துளையை அடைத்துவிடும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்குக் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பிறகு எப்படி ஸ்டார்ட் ஆகும்?

குளிர் நாடுகளில் மைதானக்காரர்கள் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மெஷின்களைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வார்கள். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். பம்ப்பிலோ குழாயிலோ கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தாலும் இரும்பே வெடித்துவிடும் என்பது அவர்களுடைய பயம். நமக்குப் பனி இல்லை. ஆனால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தில் சராசரியாக 44 செ.மீ மழை கொட்டுகிறது. சென்னையை ஒட்டிய பகுதிகளில் அதைவிட அதிகம். அவர்களுக்குப் பனி செய்வதை நமக்கு ஈரம் செய்கிறது.

அதைக் கேட்டதும் அவருக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. உழவு முடிந்ததும் அப்பா கலப்பையை அப்படியே போட மாட்டார். கொழுவில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, எண்ணெய் தடவி, பரணில் ஏற்றிவிடுவார். “எங்கப்பனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார். மெக்கானிக் டீ சொன்னார்.

### ஒரு நாள் வேலை

இந்த முறை ஆயுத பூஜை முடிந்த மறு வாரமே, நல்ல வெயிலடித்த ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார். உதவிக்கு இருக்கும் பையனையும் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்.

“எல்லாத்தையும் மூடிட்டா, மழையில வளர்ற புல்லை எதுலண்ணா வெட்டுறது?” என்று கேட்டான் பையன்.

“பிரஷ் கட்டர் ஒண்ணு வெளியே இருக்கட்டும். ஈரத் தரையில பெரிய மெஷினை எறக்குனா சக்கரம் பதிஞ்சு மைதானமே போயிடும்டா.”

முதலில் டேங்க்கிலிருந்த பெட்ரோலைத் திறந்த வெளியில் வைத்து கேனில் வடித்தார். அதில் 2டி ஆயில் கலந்து பிரஷ் கட்டருக்கு ஒதுக்கினார். ஒரு சொட்டுகூட வீணாகவில்லை. பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கார்பரேட்டரில் மிச்சமிருந்ததும் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விட்டார். அந்தச் சூடு ஆறுவதற்குள் பழைய ஆயிலை இறக்கினார். சூட்டில்தான் ஆயில் இளகி, அழுக்கையும் அடித்துக்கொண்டு வரும். கறுத்த ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். மாதக்கணக்கில் உள்ளேயே நின்றால் எஞ்சினைத்தான் தின்னும். அதை மண்ணில் ஊற்றாமல் தனி டின்னில் பிடித்து மூடி வைத்தார். மழை வந்தால் இங்கே ஊற்றுவதெல்லாம் ஏரிக்குத்தான் போகும்.

பிறகு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்தார். உள்ளே எல்லாப் பக்கமும் எண்ணெய் படரட்டும் என்று. பிளக்கைத் திரும்ப மாட்டியதும் இன்னொரு முறை இழுத்து, கை இறுகும் இடத்தில் நிறுத்தினார். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். ஈரக்காற்று உள்ளே போகாது. மெக்கானிக் சொல்லிக்கொடுத்த ரகசியம் இது.

பிளக் ஒயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டுத்தான் பிளேடு பக்கமே கையைக் கொண்டுபோனார். அடித்தட்டில் அடை மாதிரி ஒட்டியிருந்த பழைய புல்லைப் பையன் சுரண்டினான். துருவுக்கு வீடு அதுதான். பிளேடைச் சாணை பிடித்து கிரீஸ் தடவினார்கள். ரோலருக்குள் எடைக்காக நிரப்பியிருந்த தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். உட்கார்ந்து ஓட்டும் பெரிய மெஷினின் பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஏற்றித் தனியே வைத்தார்கள். சக்கரங்களுக்குக் கீழே பலகை. எலி கூடு கட்டாமல் இருக்க சைலன்சர் வாயில் துணி அடைத்து, அதில் சிவப்பு ரிப்பன் கட்டினார். ஸ்டார்ட் செய்யும்போது எடுக்க மறந்துவிடக் கூடாதே!

கடைசியில் பையன் நீலத் தார்ப்பாயை எடுத்து வந்தான்.

“அது வேணாண்டா. மூச்சு முட்டும். பழைய வேட்டியை எடுத்தா.”

பருத்தித் துணி காற்றை விடும். தூசியைத் தடுக்கும். உள்ளே வியர்க்காது. துணியின் மேல் ஓர் அட்டையைக் கட்டி, செய்த வேலைகளைத் தேதி போட்டு வரிசையாக எழுதினார். கடைசி வரி: ‘டேங்க் காலி. சைலன்சர் துணியை எடுக்கவும்.’

### நம் வீட்டிலும்தான்

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டது. நான்கே நாளில், 16-ம் தேதி, சேப்பாக்கத்தில் இந்தியா–இங்கிலாந்து டெஸ்ட். மைதான ஊழியர்கள் தட்டுகளில் கரி நெருப்பை வைத்துப் பிட்ச்சைக் காயவைத்தார்கள். கருண் நாயர் அடித்த 303 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. நெருப்புத் தட்டைப் பிடித்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. மண்ணூர் மனிதர் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தட்டைப் பற்றித்தான் பேசுவார்.

இந்த வேலை மைதானத்துக்கு மட்டுமானதும் இல்லை. புயலுக்கு மட்டும் தேடும் ஜெனரேட்டர், வயலில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், மகன் வெளிநாடு போனதால் படிக்கட்டுக்குக் கீழே நிற்கும் பைக்... இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கவனித்து, காற்று போகும்படி மூடி வையுங்கள். அந்தந்த மெஷினின் கையேட்டையும் ஒரு முறை புரட்டிவிடுங்கள். முறை கொஞ்சம் மாறலாம்.

மழைக்காலம் முழுக்க அவர் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒரு நாள் இரவு விடாமல் மழை. “பசு மாட்டைக்கூட இப்படிப் பார்க்கல நீங்க” என்றார் மனைவி.

ஜனவரி முதல் வாரம். வேட்டியை விலக்கினார்கள். பிளேடில் கிரீஸ் அப்படியே மினுமினுத்தது. சிவப்பு ரிப்பனைப் பிடித்து இழுத்துத் துணியை எடுத்தார். பிளக் ஒயரை மாட்டி, புது பெட்ரோல் ஊற்றினார். சூப்பர்வைசர் தூரத்தில் போனைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். பையனிடம் கயிற்றைக் கொடுத்தார்.

முதல் இழுப்பு... ஒன்றுமில்லை. இரண்டாவது... ஓர் இருமல், கொஞ்சம் வெள்ளைப் புகை.

“உள்ளே விட்ட ஆயில்டா. இன்னொண்ணு இழு.”

மூன்றாவது இழுப்பில் மெஷின் பேசத் தொடங்கியது. சூப்பர்வைசர் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆபீஸ் பக்கம் நடந்தார்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த அட்டையை அவிழ்த்து, பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்தார். அடுத்த அக்டோபருக்கு வேண்டுமே!