ரிவர்ஸ் கியர் இல்லாத புல்லட்

போன மாசம் என் பழைய புல்லட்டில் பின் சீட்டுக்கு ஒரு சாய்மானமும், ரெண்டு பக்கமும் பெட்டியும் மாட்டினேன். ஆபீஸ் பார்க்கிங்கில் ஒரே கிண்டல். "இது புல்லட்டா, பால் வண்டியா?" புனே வந்த இத்தனை வருஷத்தில் என் வண்டியை யாரும் இப்படிக் கவனித்ததே இல்லை!

எல்லாம் வீட்டம்மாவுக்காகத்தான். கல்யாணமான புதிதில் சஹ்யாத்ரியில் நாங்கள் ஏறாத மலைப்பாதை கிடையாது. முதுகில் டிஸ்க் பிரச்னை வந்தபிறகு, "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். ஏழு வருஷம் தனியாகப் போனேன். பாதி வழியில் திரும்பி வந்ததுதான் அதிகம்.

கிண்டல் செய்தவர்களுக்கு நான் சொன்னது ஹோண்டா கோல்ட்விங் கதை. தூரப் பயண வண்டிகளில் ராஜா என்று பெயரெடுத்த அதுவும், 1974-ல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சிக்கு வந்தபோது மொட்டை வண்டிதான். 999 சிசி, நாலு சிலிண்டர், தண்ணீரில் குளிரும் எஞ்சின், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். எல்லாம் சரி, பெட்டி கிடையாது, காற்றை மறைக்கும் முகப்பும் கிடையாது. அமெரிக்காவில் வாங்கியவர்கள், கிரெய்க் வெட்டரின் 'விண்ட்ஜாமர்' மாதிரியான முகப்புகளையும் பெட்டிகளையும் தாங்களே வாங்கி மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1980-ல்தான் ஹோண்டாவே முகப்பும் பெட்டியுமாக 'இன்டர்ஸ்டேட்' மாடலை விட்டது. 1988 மாடலில் 1520 சிசி, ஆறு சிலிண்டர். அந்த எடையைக் காலால் தள்ள முடியாதே? ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்தே ரிவர்ஸ் கொடுத்துவிட்டார்கள். 2006-ல் ஏர்பேக்கும் வந்தது.

ஆக, முதலில் மாட்டியது ஓட்டினவன். கம்பெனி அப்புறம்தான் வந்தது. நானும் அந்த ஜாதிதான் :)

போன ஞாயிற்றுக்கிழமை மகாபலேஷ்வர் கிளம்பினோம். 120 கிலோமீட்டர், நாலு இடத்தில் நிறுத்தினேன். வலிக்குதா என்று கேட்கப் பயந்து கேட்கவே இல்லை. பஞ்ச்கனி டீக்கடையில் சரிவில் முன்சக்கரத்தை இறக்கி நிறுத்தித் தொலைத்துவிட்டேன். எடுக்கும்போது காலை ஊன்றிப் பின்னால் தள்ளுகிறேன், நகரவில்லை. அவள் இறங்கிப் பின்னால் போய் நின்று, நம்மூர் கண்டக்டர் மாதிரி, "வரலாம்... வரலாம்... ஹோல்டேன்!"

கடைக்காரர் சிரித்துவிட்டார். ஏறி உட்கார்ந்ததும் அவளே சொன்னாள்: "வலி இருக்கு. ஆனா, திரும்பிப் போயிடாதீங்க."