ப்ளூ-ரே வரட்டும்னு காத்திருந்தவங்களும், டிவிடி வாங்கின நாங்களும்

"புதுசு வரப்போகுது, கொஞ்சம் பொறுத்து வாங்குடா"ன்னு சொல்ற ஆளுங்க எல்லா ஊர்லயும் இருப்பாங்க. எங்க வீராம்பட்டினத்துல அந்தப் பதவியில இருந்தவர் என் தாய்மாமா. கேசட் போய் விசிடி வந்தப்போ, "டிவிடி வருது, பொறு"ன்னார். டிவிடி வந்துச்சு. உடனே, "ப்ளூ-ரேன்னு ஒண்ணு வருதாம், பொறு"ன்னார். அவர் இன்னும் பொறுத்துக்கிட்டுதான் இருக்கார் :-)

மாமாவை முழுசா கிண்டல் பண்ணவும் முடியாது. 2006-ல நிலைமை அப்படித்தான் இருந்துச்சு. தோஷிபா பக்கம் ஹெச்டி டிவிடி, சோனி பக்கம் ப்ளூ-ரே, ரெண்டுமே அந்த வருஷம்தான் கடைக்கு வந்துச்சு. ஒண்ணுல ஓடுறது இன்னொண்ணுல ஓடாது. அதுக்கு முன்னாடி பீட்டாமேக்ஸ், விஹெச்எஸ் சண்டையில தோத்த பக்கம் பணத்தைப் போட்டவங்க கதை எல்லாருக்கும் தெரியும். 2008 பிப்ரவரி 19-ஆம் தேதி தோஷிபா கையைத் தூக்கிடுச்சு. "பாத்தியா, அவசரப்பட்டு வாங்கியிருந்தா என்னாயிருக்கும்?"னு மாமா மீசையை முறுக்கினார். (அவர் ரெண்டையுமே வாங்கலைங்கிறது வேற விஷயம்.)

கணக்கைப் பாத்தாலும் மாமா பக்கம் நியாயம் இருந்துச்சு. விசிடியில படத்தோட அளவு 352-க்கு 288 புள்ளி. டிவிடியில 720-க்கு 576. ப்ளூ-ரேயில 1920-க்கு 1080. ஒரு அடுக்கு டிவிடி 4.7 ஜிபி கொள்ளும், ஒரு அடுக்கு ப்ளூ-ரே 25 ஜிபி. டிவிடியைப் படிக்கிறது சிவப்பு லேசர், ப்ளூ-ரேயைப் படிக்கிறது ஊதா லேசர். அலைநீளம் குறைஞ்சா இன்னும் பொடி எழுத்தைப் படிக்கலாம், அதனால அதே அளவு தட்டுல அஞ்சு மடங்கு சரக்கு. இவ்ளோ பெரிய வித்தியாசம் இருக்கும்போது பழசுல எதுக்குக் காசைப் போடணும்?

ஆனா எங்க வீட்ல இருந்தது 21 இஞ்ச் டப்பா டிவி. பின்னாடி மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு மூணு ஒயர். அந்த மஞ்சள் ஒயர் வழியா ப்ளூ-ரேயே வந்தாலும் டிவிடி அளவுக்குத்தான் தெரியும். தட்டு மாறினா மட்டும் போதாது. டிவி மாறணும், ஒயர் மாறணும், ப்ளேயர் மாறணும். அப்போ ப்ளூ-ரே ப்ளேயர் விலை என் ஒரு மாச சம்பளத்தைத் தாண்டும்.

இன்னொரு பக்கம் 2007 வாக்குல மோசர் பேயர் வந்து விலையை உடைச்சுது. விசிடி 28 ரூபா, டிவிடி 34 ரூபா! திருட்டு சிடி விலைக்கே ஒரிஜினல். காந்தி வீதி ஞாயிறு சந்தைக்கு சட்டை வாங்கப் போறவன் கையில நாலு படத்தோட திரும்பி வருவேன். இந்தக் கம்பெனி தட்டு தயாரிக்கிறதுல உலக அளவுல பெரிய கை. அதுவே கடைசியில கடன்ல மூழ்கி, 2018-ல கலைக்கச் சொல்லி தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு. வித்தவங்களே இல்ல, வாங்கினது என்கிட்ட இருக்கு.

மலிவு சரக்குல ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே டிவிடியில மூணு படம்னு பிளாட்பாரத்துல விப்பாங்க இல்லியா? ரெண்டரை மணி நேரப் படம் மூணுன்னா ஏழரை மணி நேரம். அதை 4.7 ஜிபிக்குள்ள திணிச்சா விநாடிக்கு சுமார் 1.4 மெகாபிட்தான் கிடைக்கும். இது கிட்டத்தட்ட விசிடி கணக்கு. பேருதான் டிவிடி, உள்ள விசிடி. அதனால நான் ஒரு தட்டு ஒரு படம்னு இருக்கிறதாப் பாத்து வாங்குவேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நான் ஏன் பொறுக்கலைன்னா, அம்மா.

அம்மா மீன் வியாபாரம். விடியக்காலைல கரையில ஏலம் எடுத்து, கூடையோட பாண்டி பெரிய மார்க்கெட்டுக்குப் போய், வீடு திரும்ப மூணு மணியாகும். தியேட்டருக்கு வரமாட்டாங்க. "கவிச்சி வாடை அடிக்கும், பக்கத்துல உக்கார்றவங்க மூஞ்சியைச் சுளிப்பாங்க"ன்னு ஒரு கூச்சம். ரத்னா, ஆனந்தா எல்லாம் அவங்களுக்கு வெளியில நின்னு பாத்த கட்டடம்தான்.

நான் முதல்ல வாங்கினது 'தில்லானா மோகனாம்பாள்'. 1968-ல வந்த ஏ.பி. நாகராஜன் படம். விசிடியா வாங்கினா மூணு தட்டு, நடுவுல எழுந்து எழுந்து மாத்தணும், அதனால டிவிடி. பிரிண்ட்ல கோடு கோடா மழை பெய்யும். அம்மாவுக்கு அதெல்லாம் கண்ணுலயே படல. நாதஸ்வரப் போட்டி முடிஞ்சதும், "இன்னொருவாட்டி போடுடா"ன்னாங்க. தாங்க கேட்டா ஒரு காட்சி திரும்ப வரும்கிறதே அவங்களுக்கு அன்னிக்குத்தான் தெரியும். அப்புறம் ரிமோட்ல எந்தப் பொத்தான்னு அவங்களே கத்துக்கிட்டாங்க. மூணரை மணிக்கு தெருவுல போனா எங்க வீட்ல நாதஸ்வரம் கேக்கும். மாமா வந்து, "ப்ளூ-ரேயில பாத்தா பத்மினி நகை ஒவ்வொரு கல்லும் தெரியும்க்கா"ன்னுவார். "எனக்கு இப்பவே தெரியுதுடா தம்பி"ன்னுட்டு அம்மா திரும்பவும் பொத்தானை அமுக்குவாங்க.

அம்மா 2009-ல போய்ட்டாங்க. எங்க வீட்டுக்குத் தட்டை டிவி வந்தது 2012-ல.

நான் போடுற கணக்கு இது மட்டும்தான். புது ஃபார்மட் எப்ப வரும், எது ஜெயிக்கும்னு கம்பெனிக்காரன் கணக்கு போடட்டும். நம்ம வீட்ல யார் யார் இருக்காங்க, அவங்களுக்கு என்ன பாக்கணும்னு ஆசைங்கிறதை நாமதான் கணக்கு போடணும்.

இன்னொண்ணும் சொல்லணும். பழைய தமிழ்ப் படத்துக்கு ப்ளூ-ரே மட்டும் வந்து ஒண்ணும் ஆகாது. தேஞ்சுபோன பிரிண்ட்ல இருந்து எடுத்தா கீறல் இன்னும் துல்லியமா தெரியும், அவ்ளோதான். 1964-ல வந்த 'கர்ண'னை சுத்தம் பண்ணி 2012-ல திரும்ப ரிலீஸ் பண்ணப்போ தியேட்டர் நிறைஞ்சுது. அந்த மாதிரி வேலை பாக்க யாராவது மூலத்தைப் பத்திரமா வெச்சிருக்கணும். முதல் தமிழ்ப் பேசும் படம்னு சொல்ற 'காளிதாஸ்' 1931-ல வந்தது. இன்னிக்கு ஒரு பிரதி கூட இல்ல.

எங்க ஊர்ல வெச்சுக்காப்பாத்துறதும் லேசுப்பட்ட வேலை இல்லைங்க. கடல் காத்து இரும்பையே தின்னுடும், தட்டுல இருக்கிற அலுமினியப் பூச்சு எம்மாத்திரம்? விசிடியில அந்தப் பூச்சு லேபிளுக்கு அடியிலயே இருக்கு, மேல கீறினா காத்து உள்ள போயிடும். டிவிடியில ரெண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவுல இருக்கு, கொஞ்சம் தாங்கும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல்ல எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்து ட்ரங்க் பெட்டி நனைஞ்சுது. அட்டை எல்லாம் கூழ். தட்டுங்களை நல்ல தண்ணியில கழுவி, பழைய வேட்டியால துடைச்சு, கரண்ட் வந்தப்புறம் போட்டுப் பாத்தா டிவிடி எல்லாமே ஓடுச்சு. விசிடியில பாதி போச்சு. எங்களுக்குப் பக்கத்துல அரிக்கமேட்டுல 2000 வருஷத்து ரோமாபுரி ஜாடி ஓடெல்லாம் மண்ணுக்குள்ள இருந்து கிடைச்சுது. சுட்ட மண்ணுக்கு இருக்கிற ஆயுசு நம்ம சினிமாவுக்குக் கிடையாது.

பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டையர் ஆன பெரியப்பா (எங்க பாஷையில சொல்தா) பாரீஸ் லா ஷப்பல் கடைங்கள்ல இருந்து தமிழ் டிவிடி கொண்டு வருவார், நல்லா ஓடும். கூடவே கொண்டு வர்ற பிரெஞ்சுப் படம் ஓடாது. அங்க 2-ஆம் மண்டலம், நமக்கு 5-ஆம் மண்டலம். பாண்டியில இருக்கிற பிரெஞ்சுக் குடிமகனுக்கே பிரெஞ்சுப் படம் ஓடாது, கொடுமை :-) ப்ளூ-ரேயிலயும் அதே கதைதான். பிரான்ஸ் 'பி', இந்தியா 'சி'.

இப்போ எல்லாம் செல்லுலயே படம். வசதிதான், இல்லைன்னு சொல்லல. ஆனா உரிமம் முடிஞ்சா நேத்து இருந்த படம் இன்னிக்கு இருக்காது. எழுதுற வெத்து ப்ளூ-ரே தட்டு தயாரிக்கிறதை சோனியே 2025 பிப்ரவரியோட நிறுத்திடுச்சு. படம் போட்ட ப்ளூ-ரே, 4கே தட்டெல்லாம் இன்னும் வருது, எத்தனை நாளைக்கோ.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு டப்பா தட்டு கிடக்கும். எடைக்குப் போட்டுறாதீங்க. ஓடுற ப்ளேயர் ஒண்ணு இருக்கிறப்பவே ஒவ்வொண்ணாப் போட்டுப் பாருங்க. ஓடுறதை ஹார்ட் டிஸ்க்ல ரெண்டு இடத்துல ஏத்தி வைங்க. நான் இதுவரைக்கும் 140 படம் ஏத்தியாச்சு, இன்னும் 60 இருக்கு. அதுல எட்டு படிக்கவே மாட்டேங்குது. போன வாரம் மாமா வந்து பாத்துட்டு, "எதுக்குடா இப்ப அவசரம், இதைவிட நல்ல முறை ஏதாச்சும் வரும்"னார். அவருக்கு வயசு 74. 'தில்லானா'வைப் போட்டுட்டு, ரிமோட்டை அவர் கையில குடுத்தேன்.