கடைசி இரண்டு மில்லிமீட்டர்

பச்சிளங்குழந்தையின் இதயத்தருகே உள்ள டக்டில் வைக்கும் ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாய் எத்தனை அகலம் என்றுதான் பயிற்சி டாக்டர்கள் முதலில் கேட்பார்கள். அது பெரும்பாலும் கைக்கணக்கு. மூன்று கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு 3.5 மில்லிமீட்டர், அதற்கு மேல் 4. ஆளைக் கவிழ்ப்பது நீளம்.

நுரையீரல் வால்வு திறக்காமலே பிறக்கும் குழந்தைக்கு, மகாதமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கு ஓடும் டக்ட் என்ற சிறு குழாய்தான் வழி. மற்றப் பிள்ளைகளுக்குப் பிறந்த ஓரிரு நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். இவர்களுக்கு மூடினால் உயிருக்கே ஆபத்து. புரோஸ்டகிளாண்டின் ஏற்றித் திறந்து வைக்கிறோம். அந்த மருந்தாலேயே சில குழந்தைகள் மூச்சை நிறுத்திவிடும். 1944இல் பால்டிமோரில் தொடங்கிய பிளேலாக்-டாசிக் ஷன்ட் என்ற மாற்றுவழி அறுவை சிகிச்சைதான் வெகுகாலம் இதற்குக் கைகொடுத்தது. தொண்ணூறுகளில் ஸ்டென்ட் வந்தது. பிள்ளைக்கென்று செய்ததல்ல; பெரியவர்களின் மாரடைப்புக்கு வைக்கும் அதே கொரோனரி ஸ்டென்ட்தான்.

இந்தக் குழந்தைகளின் டக்ட் நேராக இருப்பது அபூர்வம். புடலங்காய் போல வளைந்து சுருண்டு கிடக்கும். உள்ளே ஒயரைச் செலுத்தியதும் வளைவு நிமிர்ந்து, நீளமே மாறிவிடும். படத்தில் அளந்தது ஒன்று, ஸ்டென்ட் விரியும்போது இருப்பது வேறொன்று. ஒயரை உருவியதும் டக்ட் மறுபடி சுருளப் பார்க்கும். நுரையீரல் தமனியோடு சேரும் முனையில்தான் சுருங்கும் திசு அதிகம். அங்கே ஓரிரண்டு மில்லிமீட்டர் மூடாமல் விட்டால், புரோஸ்டகிளாண்டினை நிறுத்திய சில மணி நேரத்தில் அந்த இடம் இறுகும். ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபில் எடுத்த படத்தில் அழகாகத் தெரிந்தது, பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தம் போகாமல் கிடக்கும். அதற்காக நீட்டிவிட்டால், தமனிக் கிளையின் வாயில் கம்பி குறுக்கே நிற்கும். பின்னால் அறுவை சிகிச்சை செய்பவர் நம்மைத் திட்டுவார். திட்டட்டும். கொஞ்சம் நீளலாம், குறையக் கூடாது என்பது என் கட்சி. குறைந்தது தெரிந்தால் அங்கேயே இரண்டாவது ஸ்டென்ட். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

கேத் லேபிலிருந்து வெளியே வந்த பிறகு எனக்குப் பயம் தருவது நல்ல சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு. 75 முதல் 85 சதவீதம் வரை இருந்தால் நிம்மதி. 94 காட்டினால் அப்பா கைகூப்புவார். நான் கீழ் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பேன். ரத்தம் அளவுக்கு மீறி நுரையீரலுக்கு ஓடினால் குடலுக்கும் இதயத்துக்கும் பங்கு குறையும். வயிறு உப்பினால் பாலை நிறுத்திவிடுவோம். காலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடைத் தமனியே 2, 3 மில்லிமீட்டர்தான், அதன் வழியாகக் குழாய் போயிருக்கிறது. ஒரு பாதம் சில்லென்றால் ரத்தம் உறைந்திருக்கலாம்; உடனே ஹெப்பாரின்.

பிறகு ஸ்டெதாஸ்கோப். ஸ்டென்ட் திறந்திருந்தால் இடைவிடாமல் 'ஹும்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். குழந்தையின் நெஞ்சில் சத்தமில்லை என்றால் மற்ற டாக்டர்களுக்குச் சந்தோஷம், எங்களுக்கு அவசரம்.

வீட்டுக்குப் போன பிறகு வரும் அடைப்புதான் கொடுமை. உள்ளே சதை வளர்ந்து மெல்லக் குறுகுவதை எக்கோவில் பிடித்துவிடலாம். ஆனால் வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றினால் ரத்தம் கெட்டியாகி, ஸ்டென்ட் சில மணி நேரத்தில் உறைந்துபோகும். "பால் ஒத்துக்கல, தொக்கம் எடுத்தா சரியாயிடும்"னு பாட்டி சொல்லி ஒரு நாள் போய்விடுகிறது.

ஆகவே இந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கு: ஸ்டென்ட் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரினை எங்களைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இரண்டு முறை வாந்தியோ பேதியோ போனால் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிப் போங்கள். சளி, காய்ச்சல் எதையும் சொல்வதற்கு முன், "நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறது" என்று சொல்லுங்கள்.