எரிகல் பள்ளத்தில் ஒரு வட்ட ஊர்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், முனிக்குக்கு வடமேற்கே, ரீஸ் என்னும் சமவெளியில் இருக்கிறது நோர்ட்லிங்கன். ஏறத்தாழ 20,000 பேர் வாழும் சிற்றூர். மாவட்டத் தலைநகர்கூட இதுவன்று. அந்தப் பெருமை டோனாவ்வெர்ட்டுக்கு. ஆனால் முழுமையான மதில், இரவில் குரல் கொடுக்கும் கோபுரக் காவலர், எண்ணூறு ஆண்டு பழமையான சந்தை ஆகிய மூன்றும் ஒருங்கே நிலைத்திருக்கும் ஊர் ஐரோப்பாவில் அரிது.

ரீஸ் சமவெளி 24 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு தட்டு. சுற்றிலும் குன்றுகள், நடுவே கோதுமையும் மற்ற தானியங்களும் விளையும் வளமான மண். நெடுங்காலம் இதை அவிந்துபோன எரிமலை வாய் என்றே நம்பினார்கள். 1960-இல் அமெரிக்கப் புவியியலாளர் யூஜீன் ஷூமேக்கர் அருகிலுள்ள ஓட்டிங் கல்குவாரியிலிருந்து கற்களைச் சேகரித்தார். அவற்றில் கோயசைட் என்னும் கனிமம் இருப்பதை அவரும் எட்வர்ட் சாவோவும் உறுதிசெய்தார்கள். எந்த எரிமலையும் தர முடியாத அழுத்தத்தில் உருவாவது அது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பருமனுள்ள விண்கல் ஒன்று இங்கே மோதியது என்பது அதன்பிறகு ஐயமற ஏற்கப்பட்டது. பள்ளத்தில் ஏரி தேங்கியது. ஏரி தூர்ந்த வண்டல்தான் இன்றைய விளைநிலம்.

மோதலில் நொறுங்கிய பாறையும் உருகிய பாறையும் கலந்து இறுகிய கல்லுக்கு ஸ்வேவைட் என்று பெயர். ஊரின் நடுவிலுள்ள புனித ஜார்ஜ் தேவாலயம் அந்தக் கல்லால் எழும்பியது. 1427-இல் தொடங்கிய வேலை 1505 வரை நீண்டது. சுவரின் அருகில் நின்று பார்த்தால் சாம்பல் நிறக் கல்லில் கறுத்த கண்ணாடித் துணுக்குகள் நசுங்கிய வடிவத்தில் பதிந்திருப்பது தெரியும். பாறை உருகித் தெறித்து, காற்றில் பறக்கும்போதே குளிர்ந்து விழுந்த துண்டுகள் அவை. அந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் வைரத் துகள்களும் உண்டு. பாறையில் இருந்த கிராஃபைட் அதிர்ச்சியில் வைரமாக மாறியது. விலைபோகாத வைரம்தான், ஆனால் இந்தக் கற்களை அடுக்கிய கொத்தனார்களுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை என்பது வியப்பைத் தருகிறது. 1970 ஆகஸ்டில் ஆலன் ஷெப்பர்ட், எட்கர் மிச்செல் உள்ளிட்ட அப்போலோ விண்வெளி வீரர்கள் சந்திரனில் எந்தக் கல்லைப் பொறுக்க வேண்டும் என்று பழக இங்கேதான் வந்தார்கள். 1990-இல் திறக்கப்பட்ட ரீஸ் எரிகல் பள்ள அருங்காட்சியகத்தில் சந்திரக் கல் ஒன்று காட்சிக்கு இருக்கிறது. 2022-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் புவிப் பூங்காவாக ஏற்றது.

ஊர் வட்டமாக இருப்பதற்குப் பள்ளம் காரணமில்லை. பள்ளம் 24 கிலோமீட்டர்; மதிலுக்குள் உள்ள ஊர் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அகலம்தான். 1215-இல் இரண்டாம் ஃபிரெடரிக் மன்னர் காலத்தில் நோர்ட்லிங்கன் பேரரசரைத் தவிர யாருக்கும் கட்டுப்படாத சுதந்திர நகரமானது. மக்கள் பெருகி முதல் மதிலுக்கு வெளியேயும் குடியேறினார்கள். 1327-இல் பேரரசர் லுட்விக் ஆணைப்படி புறநகர்களையும் உள்ளடக்கிய புதிய மதில் தொடங்கியது. பழைய மதில் நின்ற வளையம் இன்றும் ஒரு தெருவாக ஊருக்குள் சுற்றுகிறது. புதிய மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர், வாயில்கள் ஐந்து. பால்டிங்கன், லோப்சிங்கன், டைனிங்கன், ரைம்லிங்கன் என வாயில்களில் நான்கு, அவ்வழியே போனால் வரும் கிராமங்களின் பெயரையே தாங்கியிருக்கின்றன. மதில்மேல் கூரை வேய்ந்த நடைபாதையில் ஊரை முழுவதுமாகச் சுற்றிவரலாம். ஜெர்மனியில் இப்படி அறுபடாமல் சுற்றிவரக்கூடிய மதில் வேறு இல்லை என்கிறார்கள். மதிலின் உட்புறத்தை ஒட்டிக் காவலர்களுக்காகக் கட்டிய சின்னஞ்சிறு வீடுகளில் இப்போதும் குடித்தனங்கள் நடக்கின்றன.

எகர் ஆற்றின் கிளையை ஒட்டியது தோல் பதனிடுவோர் தெரு. அங்கே வீடுகளின் பரண்கள் காற்றோட்டத்துக்காகத் திறந்தே கட்டப்பட்டவை. ஈரத்தோல்களை அங்கேதான் உலர்த்துவார்கள். நகரமன்றக் கட்டடம் 14-ஆம் நூற்றாண்டிலிருந்து அதே வேலைக்குப் பயன்படுகிறது. 1618-இல் அதன் வெளிப்புறத்தில் ஒரு கற்படிக்கட்டு சேர்க்கப்பட்டது. படிக்கட்டின் அடியில் முன்பு ஊர்ச் சிறை இருந்தது. அதன் கதவோரம் ஒரு கோமாளி உருவம் செதுக்கி, பார்க்க வருகிறவனையும் சேர்த்து இனி நாம் இருவர் என்று எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவு பழமை எப்படித் தப்பியது? வறுமைதான் விடை. 1634 செப்டம்பரில் முப்பதாண்டுப் போரின் பெரும் சண்டைகளில் ஒன்று ஊருக்கு வெளியே நடந்தது. ஸ்வீடனும் புராட்டஸ்டண்ட் படைகளும் தோற்றன. புராட்டஸ்டண்ட் ஊரான நோர்ட்லிங்கன் சரணடைந்தது. முற்றுகையும் பஞ்சமும் கொள்ளைநோயும் மக்களைப் பாதியாகக் குறைத்தன. வணிகம் மீளவில்லை. பழையதை இடித்துப் புதியதைக் கட்ட யாரிடமும் பணம் இல்லை. மதிலுக்கு வெளியே விரிய ஆட்களும் இல்லை. 1803-இல் சுதந்திரம் போய் ஊர் பவேரியாவின் கீழ் வந்தது.

அழகைப் பார்க்க வருகிறவர்கள் தவிர்க்கக் கூடாத பக்கமும் உண்டு. 1384-இல் இவ்வூர் யூதர்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மீண்டும் உருவான யூதச் சமூகம் நாஜி ஆட்சியில் அழிக்கப்பட்டது. 1589 முதல் 1598 வரை நடந்த சூனிய வழக்குகளில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் பெண்கள். விடுதி நடத்திய மரியா ஹோல் என்பவரை அறுபது தடவைக்குமேல் சித்திரவதை செய்தும் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் விடுதலை செய்ய வேண்டியதாயிற்று. அவர் பெயரால் ஊரில் ஒரு நீரூற்று நிற்கிறது. அந்த நினைவைப் பொது இடத்தில் வைத்திருப்பது இந்த ஊருக்குப் பெருமை.

தேவாலயக் கோபுரத்தை ஊரார் டானியேல் என்று பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். உயரம் ஏறத்தாழ 90 மீட்டர், படிகள் 350. இரவு பத்து மணி முதல் நள்ளிரவு வரை அரைமணிக்கு ஒருமுறை கோபுரக் காவலர் உச்சியிலிருந்து “ஸோ, க்ஸெல், ஸோ” என்று நீட்டிக் கூவுகிறார். சரிதானே தோழா என்பதுபோலப் பொருள். முன்பு மதில் காவலர்கள் பதில் குரல் கொடுப்பார்கள். யாரும் தூங்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. 1440-இல் லஞ்சம் வாங்கிய வாயிற்காவலர்கள் எதிரிக்காகக் கதவைப் பூட்டாமல் விட்டதாகவும், ஒரு பன்றி உரசியபோது கதவு அசைந்ததைப் பார்த்த பெண்ணொருத்தி இந்தச் சொற்களைக் கூவி ஊரைக் காப்பாற்றியதாகவும் கதை வழங்குகிறது. இன்று எதிரியும் இல்லை, தீயைக் கண்டறியக் கோபுரமும் தேவையில்லை. ஆனாலும் அந்தப் பணியை ஊர் கைவிடவில்லை.

ஊரின் மற்றப் பொதுப்பணிகள் பெரும்பாலும் சம்பளமில்லாத உழைப்பில் நடக்கின்றன. ஜெர்மானியச் சிற்றூர் வாழ்க்கையின் அச்சாணி ஃபெராய்ன் எனப்படும் சங்கம். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நோர்ட்லிங்கனில் தீயணைப்புப் படையே தன்னார்வலர்களுடையது; அழைப்பு வந்தால் கடையிலும் பட்டறையிலும் இருப்பவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். மதிலின் பழைய கொத்தளத்தில் கோடைதோறும் திறந்தவெளி நாடகம் நடக்கிறது, மேடையேறுகிறவர்கள் ஊர்க்காரர்கள்தான். 1849-இல் ரயில் வந்த ஊர் இது; பழைய ரயில் பணிமனையை அருங்காட்சியகமாக்கி நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்த்து ஓட்டுகிறவர்களும் தன்னார்வலர்களே. 1861-ஐத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் விளையாட்டுச் சங்கத்தில்தான் 1945-இல் இங்கே பிறந்த கால்பந்து வீரர் கெர்ட் முல்லர் ஆடத் தொடங்கினார். 1964-இல் பயர்ன் முனிக்குக்குப் போய், ஜெர்மன் லீக்கில் 365 கோல்கள் அடித்தார். 2008 முதல் ஊர் மைதானம் அவர் பெயரைத் தாங்குகிறது.

மே மாதத்தில் ஸ்டாபன்ஃபெஸ்ட் என்னும் சிறுவர் விழா. பள்ளிப் பிள்ளைகள் பூமாலை சூடி, கொடி பிடித்து, இசைக்குழுவோடு பழைய ஊருக்குள் ஊர்வலம் வருகிறார்கள். அடுத்து பெந்தகொஸ்தே சந்தை. இதைப் பற்றிய முதல் குறிப்பு 1219-இல் கிடைக்கிறது. இன்று நிற்கும் மதிலைவிடச் சந்தை மூத்தது. துணியும் கம்பளியும் தோலும் தேடி தென்ஜெர்மனி முழுவதிலுமிருந்து வணிகர்கள் வந்த காலம் உண்டு. இப்போது மதிலுக்கு வெளியே கைசர்வீஸ திடலில் ராட்டினம், பீர்க் கொட்டகை, பாத்திரக் கடை, துணிக்கடை என்று பத்து நாள் கூட்டம் அலைமோதுகிறது. வெளியூரில் பிழைக்கப் போனவர்கள் ஊர் திரும்புவதும் அப்போதுதான்.

முனிக்கிலிருந்து டோனாவ்வெர்ட் வந்து ரயில் மாறினால் நோர்ட்லிங்கனை அடையலாம். மதிலும் கோபுரமும் அருங்காட்சியகமும் பார்க்க ஒரு பகல் போதும். ஊர்க்காரர்களையும் பார்க்க விரும்புகிறவர்கள் சந்தை நாள்களில் வந்து ஓர் இரவாவது மதிலுக்குள் தங்க வேண்டும்.