செல்லாத நோட்டு

நம் எழுத்தில் பாட்டிகள் ஏற்கெனவே ஜாஸ்தி. கதை சொல்வார்கள், அல்லது செத்துப்போவார்கள். என் அப்பத்தா கதை சொன்னதில்லை.

1964 மே மாதம் நே வின் அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்தது. ரங்கூனில் தாத்தாவின் மளிகைக் கடை அதற்குச் சற்று முன்னரே அரசுடைமையாகியிருந்தது. கப்பலில் சென்னை வந்திறங்கியவர் வியாசர்பாடிக் குடிசையில் சுவரைப் பார்த்துப் படுத்தார். எழ இரண்டு வருஷம் ஆயிற்று. அப்பத்தா அத்தோ விற்றாள். நான்கு பிள்ளைகள். இதை மனஉறுதி என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவளுக்கு அப்போது வேறு என்ன வழி இருந்தது?

2016 நவம்பர். நான் வங்கிக் கவுண்டரில். வரிசையில் அப்பத்தா. காலையில் எனக்குச் சோறு கட்டித் தந்தபோதுகூட வருவதாகச் சொல்லவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை வைத்தாள்.

"ஆதார் நகல்?" என்றேன், எல்லோரிடமும் கேட்ட அதே குரலில். கொடுத்தாள். பிறகு, நாலாக மடித்த ஒரு பழைய நூறு கியாட்.

"இதையும் மாத்துவீகளா, தம்பி?"

வீட்டில் வாடா போடாதான். பின்னால் கூட்டம் நெருக்கியது. "அடுத்து" என்றேன்.

அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. நான் நோட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.