அமிலம் தொடாத அருவி

பாபநாசத்து அருவிக்கு இருநூறு வயது தாண்டிய படம் ஒன்று உண்டு. 1804-இல் லண்டனில் அச்சானது. ஊர்ப்பெயரை வெள்ளைக்காரக் காதில் விழுந்தபடி 'புப்பனாசம்' என்று எழுதினாலும், திருநெல்வேலி ஜில்லா என்பதைத் தெளிவாகவே குறித்திருக்கிறார்கள். செய்தவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும். படத்தில் பாறைக்கு நிழல் கொடுத்தது திராவகம். அருவியின் வெண்மைக்காக யாரும் எதுவும் தீட்டவில்லை. செப்புத் தகட்டில் அந்த இடத்தைத் திராவகம் தொடாமல் காத்தார்கள், அவ்வளவுதான். வெள்ளைத்தாளே தண்ணீராக விழுகிறது.

எச்சிங் என்னும் கலையின் சூட்சுமம் இதுதான்: எங்கே அரிக்க விடுவது, எங்கே தடுப்பது. மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தகட்டின்மேல் மெல்லிதாகப் பூசி, அதில் ஊசியால் வரைவார்கள். ஊசி உலோகத்தைக் குடைய வேண்டியதில்லை. பூச்சைக் கீறி உலோகத்தை வெளியே காட்டினால் போதும். நைட்ரிக் அமிலத்தில் இறக்கியதும் கீறல் விழுந்த இடத்தை மட்டும் அமிலம் தின்னும். கூடுதல் நேரம் விட்டால் ஆழமான கறுத்த கோடு, சீக்கிரம் எடுத்தால் மெல்லிய கோடு. பிறகு பூச்சை நீக்கி, தகடு முழுக்க மை தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் வழித்து, ஈரத்தாளை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்துவார்கள். பள்ளத்தில் தங்கிய மையைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். இடது வலதாக மாறித்தான் அச்சு விழும் என்பதால், தகட்டில் அருவியின் இரு கரைகளையும் இடம் மாற்றியே வரைய வேண்டும்.

ஐரோப்பாவில் போர்க்கவசத்துக்குச் சித்திர வேலை செய்தவர்களிடமிருந்து ஓவியர்கள் எடுத்துக்கொண்ட வித்தை இது. ட்யூரர் இரும்புத் தகட்டில் செய்து பார்த்தார். ரெம்பிராண்ட் செம்பில் ஏறத்தாழ முந்நூறு படங்கள் செய்தார்.

ஆனால் சாரலைக் கோட்டால் எப்படிக் காட்டுவது? அதற்கு வழி பிறந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில். அக்வாடின்ட் என்று பெயர். பிசினைப் பொடியாகத் தூவிச் சூடாக்கியோ, சாராயத்தில் கரைத்து ஊற்றியோ தகட்டின்மேல் நுண்ணிய துகள்களாகப் படியவைப்பார்கள். துகளுக்கும் துகளுக்கும் இடையே அமிலம் இறங்கும். அச்சில் அது கோடாக வராமல் நீர்வண்ணம் பூசியதுபோன்ற சாயலாக வரும். முதலில் வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களை வார்னிஷால் மூடித் தகட்டை இறக்குவார்கள். சற்றே அரித்ததும் எடுத்துக் கழுவி, இந்த நிழல் போதும் என்ற இடங்களை மூடி மறுபடி இறக்குவார்கள். இப்படிப் பலமுறை. ஈரப்பாறையின் கருமை கடைசியில்தான் வரும். அச்சான தாளுக்குக் கையால் வண்ணமும் தீட்டினார்கள். அருவியை வரைய இதைவிடப் பொருத்தமான முறை அன்று இருந்திருக்க முடியாது.

டேனியல்கள் 1786-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அங்கேயே பன்னிரண்டு நகரக் காட்சிகளை அக்வாடின்டில் செய்து கைபழகிக்கொண்டார்கள். வடக்கே நெடும்பயணம் முடித்து, 1792-இல் சென்னைக்கு வந்து தெற்கே இறங்கினார்கள். திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மலைக்கோட்டைகளை வரைந்தபடி மதுரை வந்து, நெல்லைச் சீமைக்குள் நுழைந்தார்கள். வில்லியமுக்கு அப்போது இருபத்து மூன்று வயதிருக்கும். 1794-இல் ஊர் திரும்பியபின், ஓவியக்கட்டுகளைப் பிரித்துத் தகட்டு வேலையில் இறங்கினார்கள். 1795 முதல் 1808 வரை வெளியான 'ஓரியண்டல் சீனரி' தொகுதிகளில் மொத்தம் 144 படங்கள். முழுத்தொகுப்பின் விலை 210 பவுன். இந்தியாவையே பார்த்திராத சீமான்களின் நூலகங்களுக்குப் பாபநாசம் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

அதே வரிசையில் களக்காடும் இருக்கிறது. கன்னியாகுமரி முனை, களக்காட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தது என்று தலைப்பு. களக்காட்டிலிருந்து குமரிமுனை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். படத்தில் இருப்பதும் மலைதான். களக்காட்டுக்காரர் எவரும் இந்தத் தலைப்பைப் பார்த்தால் சிரித்துவிட்டுத்தான் மேலே பேசுவார்.

அதனால் படத்தை அப்படியே ஆதாரமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. தலத்தில் போட்ட பென்சில் கோட்டுக்கும் லண்டன் தகட்டுக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. பாறைகளைக் கொஞ்சம் கம்பீரமாக நிமிர்த்துவது அக்கால ஆங்கிலேய ரசனை. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இந்த நீரின் விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை கட்டினார்கள். 1940-களில் மேலே அணையும் மின் நிலையமும் வந்தன. இன்று பாபநாசம் என்றால் செய்தித்தாளில் வருவது 143 அடி அணையின் நீர்மட்டம். மதகும் குழாயும் கட்டுப்படுத்தாத தாமிரபரணி எப்படி விழுந்தது என்பதற்கு, மிகைப்படுத்தலைக் கழித்துப் பார்த்தாலும், இந்தத் தகடு சாட்சி சொல்கிறது.

எச்சிங் அந்நியக் கலைதான். ஆனால் பள்ளத்தில் மை தங்கி எழுத்தாகத் தெரியும் என்ற சங்கதி இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. எழுத்தாணியால் கீறிய ஓலையில் வெறும் கீறல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கரியும் பச்சிலைச் சாறும் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை நிற்கும். மையாடல் என்று அதற்குப் பெயர். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடித் தாமிரபரணிக் கரையின் ஆழ்வார்திருநகரி வரை வந்தார். நூல் 1889-இல் அச்சேறியது. அவர் படித்தவை அப்படி மையேறிய கீறல்கள்தான். ஓலையை ஒரு தாளில் அழுத்திப் பிரதி எடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அழுத்தினாலும் ஓலை தாங்கியிருக்காது.

நெல்லை டவுன் ரத வீதியின் பாத்திரக் கடைகளில் நடப்பது வேறு வகை. "அண்ணாச்சி, பேரு தப்பில்லாம வெட்டுங்க" என்று சீர்ப் பாத்திரத்தை நீட்டுகிறார்கள். முன்பு சிறு உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாக வெட்டினார்கள், இப்போது மின்சாரப் பேனா அதிர்ந்து எழுதிவிடுகிறது. இங்கே வேலை முழுக்கக் கையின் பலத்தால் நடக்கிறது. எச்சிங்கில் கை வழியைக் காட்டுவதோடு சரி, அரிப்பது அமிலம்.

அமிலம் நம் ஊர்த் தொழிலுக்குள் வந்தது பிளாக் என்னும் அச்சுத்தகடு வழியாக. ஆஃப்செட் பரவும்வரை, பத்திரிகைப் படமானாலும் கல்யாணப் பத்திரிகையின் பிள்ளையாரானாலும் பிளாக் செய்தாக வேண்டும். கோட்டோவியம் என்றால் லைன் பிளாக், புகைப்படம் என்றால் ஹாஃப்டோன். துத்தநாகத் தகட்டில் படத்தைப் புகைப்பட முறையில் ஏற்றி, கோடு அல்லாத இடத்தை அமிலத்தில் அரித்துவிடுவார்கள். டேனியல் முறைக்கு நேர்த் தலைகீழ்: அங்கே பள்ளம் அச்சாகும், இங்கே மேடு. ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' கோயில் சிற்பங்களை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது பிளாக் காலத்து அச்சுதான். எச்சிங் என்ற பேரைக் கேள்விப்படாத தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அதன் விளைவைப் பார்த்து வளர்ந்தார்கள். வக்கீல் வீட்டுப் பித்தளைப் பெயர்ப்பலகை, பூஜையறைக் கண்ணாடிக் கதவின் மங்கலான மயில், பாலிடெக்னிக் மாணவர் ஃபெரிக் குளோரைடில் அலசி எடுக்கும் சர்க்யூட் போர்டு எல்லாமே அந்தக் குடும்பந்தான்.

ஓவியர் உலகில் இது அற்றுப்போகவில்லை. கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்துவிட்டுப் பாரிஸ் போன கிருஷ்ணா ரெட்டி, ஒரே தகட்டில் பல வண்ணம் அச்சிடும் முறையால் உலகப்பெயர் பெற்றார். தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம்.பழனியப்பன் அச்சுக்கலையைத் தன் முதன்மை மொழியாக்கிக்கொண்டவர். லலித் கலா அகாதமியின் சென்னை மையத்தில் அதற்கான பட்டறை இருக்கிறது. கற்க விரும்பும் நெல்லைப் பிள்ளைகள் ரயிலேற வேண்டும்.

பாபநாசத்துப் படம் வெளிநாட்டு நூலகங்களில் பத்திரமாக இருக்கிறது, அதைப் பற்றிக் கவலையில்லை. கவலை நம் ஊர்ப் பிளாக்குகளைப் பற்றியது. பாளையங்கோட்டையிலும் டவுனிலும் பழைய அச்சகங்களின் மூலையில் மரக்கட்டையில் அறைந்த துத்தநாகப் பிளாக்குகள் இன்னும் கிடக்கலாம்: தேர்த்திருவிழா நோட்டீஸ், மறைந்த ஒரு வியாபாரியின் முகம், மூடிப்போன கடையின் சின்னம். துத்தநாகத்துக்கு விலை உண்டு என்பதால் அவை காயலான் கடைக்குப் போவது சுலபம். வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடுமுன் ஒவ்வொன்றுக்கும் மை தடவி ஒரு தாளிலாவது அச்செடுத்து, எந்த ஆண்டு, யாருக்காகச் செய்தது என்று தெரிந்தவரை அடியில் எழுதி வைக்க வேண்டும்.