மாமியின் காலும் ஒளுவும்

தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவிச் சுத்தம் செய்து கொள்வதை நாங்கள் 'ஒளு' என்போம். "சும்மா முகம் கழுவுகிற மாதிரிதானே?" என்று பக்கத்து வீட்டுச் சகோதரிகள் கேட்பதுண்டு. அப்படியல்ல, அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது.

மனதில் நிய்யத் வைத்து முதலில் மணிக்கட்டு வரை கைகளைக் கழுவ வேண்டும். வாய் கொப்பளித்து, மூக்கைச் சுத்தம் செய்து, முகம் முழுவதும் கழுவ வேண்டும். பிறகு முழங்கை வரை கைகள். ஈரக் கையால் தலையைத் தடவி, காதுகளைத் துடைத்து, கடைசியாகக் கணுக்கால் வரை கால்கள். விரல் இடுக்கிலும் தண்ணீர் பட வேண்டும். நகத்தோரம் மாவு காய்ந்து ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்து விட வேண்டும். நகப்பூச்சும் அப்படியே. மருதாணி வெறும் நிறம்தான், அதனால் தடையில்லை.

இதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒளுவுக்குச் செலவழித்த தண்ணீர் இன்றைய கணக்கில் ஒரு லிட்டருக்குள்தான். குழாயைத் திறந்து விடாமல் கெண்டியில் எடுத்துக் கொண்டால் தாராளமாகப் போதும்.

என் மாமியாருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. செருப்பு கடித்து உள்ளங்காலில் வந்த கொப்புளம் அவருக்கு வலிக்கவே இல்லை. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்ததுதான் காரணம். அது புண்ணாகி, டாக்டர் கீறிச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். "கட்டு நனையவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மாமி கேட்டால்தானே! "காலைக் கழுவாம அது என்ன ஒளு? இத்தனை வருஷத்துல ஒரு வக்து விட்டதில்லை" என்று சுபுஹு நேரத்தில் யாரும் எழுமுன் போய்க் கழுவிக் கொண்டு வந்து விடுவார். இரண்டு முறை கட்டு நனைந்து, புண் வாடையெடுத்தது. "இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர். மாமி அழுதது விரலுக்காக இல்லை. தொழுகை போய்விடுமே என்றுதான்.

என் கணவர் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வீட்டுக்கு அழைத்து வந்தார். "மார்க்கம் உங்களைக் கஷ்டப்படுத்த வரலைம்மா. டாக்டர் பேச்சைக் கேட்டு உடம்பைப் பாத்துக்கறதும் கடமைதான்" என்று பொறுமையாக விளக்கினார். குர்ஆனில் ஒளுவைச் சொல்கிற ஐந்தாம் அத்தியாயம் ஆறாம் வசனத்திலேயே, நோயாளிக்கும் தண்ணீர் கிடைக்காதவருக்கும் சுத்தமான மண்ணால் செய்யும் 'தயம்மும்' சொல்லப்பட்டிருக்கிறது என்றார்.

நாங்கள் ஷாஃபி மத்ஹபு. அதனால் நல்ல உறுப்புகளை மட்டும் கழுவி, ஈரக் கையால் கட்டின் மேல் தடவி, தயம்முமும் செய்யச் சொன்னார். ஹனஃபிகளுக்குக் கட்டின் மேல் தடவினாலே போதுமாம். ஒவ்வொருவர் நிலையும் வேறு என்பதால் உங்கள் ஆலிமிடம் கேட்டுக் கொள்வது நல்லது.

அன்று முதல் ஒரு தட்டில் சுத்தமான மண் மாமியின் கட்டிலருகே இருந்தது. உள்ளங்கைகளை அதில் தட்டி, முகத்திலும் கைகளிலும் தடவிக் கொள்வார். நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். ஆறு வாரத்தில் புண் ஆறியது, விரலும் தப்பியது.

வீட்டில் சர்க்கரை நோயாளிகள் இருந்தால் இவற்றைக் கவனியுங்கள், சகோதரிகளே. கால் கழுவ வெந்நீர் வைத்தால் சூட்டை நீங்கள் தொட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள். அவர்களுக்குச் சூடு தெரியாது. கழுவியதும் விரல் இடுக்குகளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். குளியலறைத் தரை வழுக்காமல் இருக்கட்டும்.

இப்போது மாமி ஒளு செய்யும்போது நான் துண்டோடு பக்கத்தில் நிற்கிறேன். துடைத்து விடுகிற சாக்கில் உள்ளங்காலையும் ஒரு பார்வை பார்த்து விடுவேன். "என்னத்தைம்மா தேடுறே?" என்று சிரிப்பார். டாக்டர் தினம் ஒரு தடவை காலைப் பார்க்கச் சொன்னார். எங்களுக்கோ ஐந்து தடவை வாய்ப்பு!